திருவட்டாறு கோயிலில் வண்ணத்துக்கு முன் வடிகாலைப் பாருங்கள்

இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அவர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டத் திருக்கோயில்களின் இணை ஆணையர், அறங்காவலர்கள், தொல்லியல் துறை, நீர்வளத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

2022 ஜூலை 6 அன்று திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முந்தையது மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு 779-ல், அதாவது 1604-ல். இடையே 418 ஆண்டுகள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு திருப்பணி என்ற வழக்குப்படி பார்த்தால் அடுத்தது 2034 வாக்கில் வரும். அதற்கான மதிப்பீட்டை இரண்டு மூன்று வருஷம் முன்பே எழுதத் தொடங்கிவிடுவீர்கள். எழுதி, ஒப்பந்தம் விட்டு, சாரம் கட்டிய பிறகு சொல்வதில் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறோம். நானூறு வருஷம் குடமுழுக்கு இல்லாமல் தாங்கி நின்ற கட்டடம் இது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தவறான சாந்தைப் பூசினால் அப்படித் தாங்காது.

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஆழ்வார்கள் பாடிய சேரநாட்டு வைணவத் தலங்களான மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றில் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பவை திருப்பதிசாரமும் திருவட்டாறும்தான். நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பதினொரு பாசுரங்களில் இந்த ஊரைப் பாடுகிறார். அவர் வாயில் இது வாட்டாறு. ஊர்ப் பெயருக்குள்ளேயே ஆறு இருக்கிறது. கோதையாறும் பறளியாறும் கோயில் மேட்டை வளைத்துப் போய் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறைத் தாமிரபரணியாகித் தேங்காய்ப்பட்டினத்தில் கடல் சேர்கின்றன. கோயில் நிற்பது ஏறத்தாழ 55 அடி உயர மேட்டில். கூடம், பிராகாரம், தூண் எல்லாம் தமிழ்நாட்டுக் கல்தச்சர் கை. கூரை, உத்தரம், மச்சுப் பலகை எல்லாம் மலையாளத்து மரத்தச்சர் கை. சுவரில் கேரள முறை ஓவியம், கருவறைக்குள் மண்ணும் பிசினும் குழைத்துச் செய்த கடுசர்க்கரைத் திருமேனி. கல், மரம், சுண்ணாம்பு, மண் என்ற நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் மராமத்து மற்ற மூன்றையும் பாதிக்கும்.

சுவரில் ஈரம் ஏறினால் எல்லோரும் ஆற்றைத்தான் கை காட்டுவார்கள். 55 அடி மேட்டின் உச்சிக்கு ஆற்று நீர் சுவர் வழியாக ஏறி வராது. மேட்டின் மேல் விழும் மழைதான் ஏறுகிறது. இடவப்பாதியில் (வைகாசிப் பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவம்) ஒரு மழை, துலாமாசத்தில் (ஐப்பசி) ஒரு மழை என்று வருஷத்தில் இரண்டு தடவை ஊறுகிற மண் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் காய்ந்த காற்று. அங்கே திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களில் சரியாக வரும் வேலை இங்கே சரியாக வராததற்குக் காரணம் இதுதான். பழைய முறையில் பிராகாரத் தரை மண்ணாகவோ, மணல் மேல் பரப்பிய கல்பாவாகவோ இருந்தது. உள்ளே இறங்கிய நீர் வெயில் காலத்தில் தரை இடுக்குகள் வழியாகவே ஆவியாகிப் போய்விடும். அந்த இடுக்கைச் சிமெண்ட் போட்டு அடைத்தால், அல்லது சுவரை ஒட்டி ஒரு காங்கிரீட் மேடை போட்டால், ஆவி போக வழி தேடும். கிடைப்பது சுவர் மட்டும்தான். அடியில் இரண்டடி சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் அந்த இரண்டடியையும் தாண்டி மூன்றாவது அடியில் வெளியே வரும். அங்கேதான் ஓவியம் இருக்கும்.

வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும் உப்பு அந்த வழியின் தடம். நீர் ஆவியாகும் இடத்தில் கரைந்திருந்த உப்பு படிகமாகும்; படிகம் பெரிதாகும்போது பூச்சையும் வண்ணத்தையும் உள்ளிருந்து தள்ளிப் பிளக்கும். அதைத் துடைப்பதால் ஒன்றும் ஆகாது. ஈரத் துணியால் துடைத்தால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய், அடுத்த வெயிலில் இன்னும் ஆழத்தில் வெடிக்கும்.

ஆகவே மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் வண்ணப்பூச்சு வேண்டாம், வடிகால் வரட்டும். மேடம் (சித்திரை) கடைசியில் ஒருமுறை, விருச்சிகத்தில் (கார்த்திகை) ஒருமுறை, சுவர்தோறும் உப்புக்கோடு தரையிலிருந்து எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இரண்டு வருஷ அளவு கையில் இருந்தால் எந்தச் சுவருக்கு என்ன வேண்டும் என்பது தானே தெரியும். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய ஓவியம் இல்லாத இடத்தில் ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி மூன்று நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்தால் சுவரின் ஈரம். வெளிப்புறம் வியர்த்தால் காற்றின் ஈரம். அதற்குக் கதவு, பலகணி திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே போதும். சுவர் ஈரமாக இருந்தால் சுவரடியிலிருந்து இரண்டு மூன்று அடி அகலத்துக்குச் சிமெண்ட் தரையை எடுத்துவிட்டு, மணலும் சுண்ணாம்பும் கலந்த படுகையில் பழையபடி கல்பாவுங்கள். அறுபது அடிக்கு ஓரடி என்ற அளவில் வெளிநோக்கிச் சரிவு வேண்டும். எடுக்கும்போது இயந்திரச் சுத்தியல் வேண்டாம். அதன் அதிர்வு ஓவியச் சுவரில் பிடி விட்டு நிற்கும் பூச்சை உதிர்த்துவிடும். உளியும் கைச்சுத்தியலும் வைத்து மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை அது. மேட்டிலிருந்து இறங்கும் நீரை ஒரே இடத்தில் கொட்டவிட்டால் சரிவு அரிக்கும். கல் படிகளாக இறக்கி ஆற்றில் சேருங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. மதிப்பீட்டில் 'சுண்ணாம்புச் சாந்து' என்று ஒரு வரி எழுதுவது எளிது. அந்த வரிக்குள் எத்தனை நாள் என்பதையும் எழுத வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் குறைந்தது 15 நாள் ஊறவிட வேண்டும். மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது, வெண்ணெய் மாதிரி வரும். அவசரத்தில் பூசினால் நீறாத பரல்கள் பூச்சுக்குள் இருந்துகொண்டு ஆறு மாதம் கழித்து நீர் குடித்துப் பொரியும். சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சலித்துக் கழுவிய மணல். நசுக்கிய கடுக்காயையும் கருப்பட்டியையும் தனித்தனியே ஊறவைத்து, நுரை கட்டிப் புளித்த பிறகு அந்த நீரால் குழைக்க வேண்டும். கருப்பட்டி கூடினால் பலம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு; கூடுவது எறும்பும் பூஞ்சையும்தான். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக்கூடாது. பூசிய இடத்தை நனைத்த சாக்கால் மூடி ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். துலாமாசத்தில் பூசினால் காயாது, மேடத்தில் பூசினால் வெடிக்கும். மார்கழிக் கடைசி முதல் மாசி வரை இதற்கான காலம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காக அதே மார்ச்சில் வேலையைத் தொடங்குவதுதான் பல கோயில்களில் நடக்கும் முதல் பிழை.

இரண்டாவது பிழை 'பிடிப்புக்கு ஒரு சட்டி சிமெண்ட்'. சுண்ணாம்புச் சாந்து கொஞ்சம் நெகிழும், ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் இரண்டையும் செய்யாது. போதாக்குறைக்குத் தன் பங்குக்கு உப்பையும் சுவருக்குள் விடும். கல் இடுக்கில் சிமெண்ட் அடைத்தால், வெயிலில் கல் விரியும்போது சிமெண்ட் விட்டுக்கொடுக்காது, கல்லின் விளிம்பு தெறிக்கும். ஒப்பந்தத்தில் 'சிமெண்ட் கலக்கக்கூடாது' என்று எழுதுவதோடு நிற்காமல், கோயில் வளாகத்துக்குள் சிமெண்ட் மூட்டையே இறக்கக்கூடாது என்று எழுதுங்கள். மூட்டை பக்கத்தில் இருந்தால் கை போகும்.

இப்போது ஓவியத்துக்கு வருகிறோம். இதில் சற்று நின்று பேச வேண்டும். கருவறையின் புறச்சுவரில் இருப்பவை கேரள முறைச் சுவரோவியங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியம் ஈரச்சுண்ணாம்பில் வரைந்தது என்று படித்தவர்கள் இதையும் அப்படியே எண்ணிவிடுகிறார்கள். இது காய்ந்த சுவரில் பிசின் சேர்த்து வரைந்தது. ஆகவே இதன் மேல் நீர் பட்டால் பிசின் இளகும், வண்ணம் கையோடு வரும். முதலில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கனமான பூச்சு; அதன் மேல் பஞ்சு சேர்த்து அரைத்த மெல்லிய பூச்சு. பஞ்சு எதற்கென்றால், அதன் இழைகள் காயும்போது வெடிப்பு விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேல் இளநீரில் கரைத்த தெளிந்த சுண்ணாம்பை இருபது இருபத்தைந்து தடவை தூரிகையால் மாற்றி மாற்றி இழுப்பார்கள். ஓவியத்தில் தெரியும் வெள்ளை, வண்ணம் பூசிய வெள்ளை கிடையாது. வெறுமனே விடப்பட்ட சுவர்தான் அங்கே கண்ணின் வெள்ளையாகவும் முத்தாகவும் பல்லாகவும் நிற்கிறது. பழுது பார்ப்பவர் அந்த இடத்தை 'வெளிறிப்போனது' என்று எண்ணி வெள்ளை தீட்டிவிட்டால் முகமே மாறிவிடும்.

மஞ்சள் காவியும் செங்காவியும் மண்ணிலிருந்து. கருப்பு, நல்லெண்ணெய் விளக்கின் புகையைச் சட்டியில் பிடித்த மை. பச்சை, அவுரி நீலத்தோடு எரவிக்கறை என்ற மஞ்சள் பிசினைக் கலந்தது. பிடிமானத்துக்கு வேப்பம்பிசின். தாவரத்திலிருந்து வந்த பச்சைதான் வெளிச்சத்தில் முதலில் போகும். காவி நிறங்கள் கடைசி வரை நிற்கும். பழைய சுவர்களில் செம்மஞ்சள் மட்டும் தூக்கலாகத் தெரிவதன் காரணம் அதுதான். ஆகவே ஓவியச் சுவருக்கு எதிரே பலத்த ஒளிவெள்ள விளக்கு வைக்காதீர்கள். ஒளியில் எளிதில் மங்கும் நிறங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ் (ஒளியின் அளவு). ஒரு சிறு விளக்கின் மங்கலான ஒளி அது. கண் பழக ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தைப் பக்தர்கள் தருவார்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் சுவர் முழுவதையும் நேரொளியிலும், பக்கவாட்டில் சாய்த்து அடித்த ஒளியிலும் படமெடுக்க வேண்டும். சாய்ந்த ஒளியில்தான் எங்கே பூச்சு உப்பி நிற்கிறது என்று தெரியும். பிறகு விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். பொள்ளலான இடத்தில் மெல்லிய சுண்ணாம்புப் பாலை ஊசியால் செலுத்திப் பிடிக்கவைத்த பிறகுதான் தூசி தட்டுவதே. அதற்கும் மென்மயிர்த் தூரிகை, மேலிருந்து கீழாக. எண்ணெய்ப்புகை அகற்றும் கரைப்பான்களைப் பயிற்சி பெற்ற வேதியியலாளர் மட்டும், ஓரங்குல இடத்தில் சோதித்துவிட்டுத் தொடலாம். இழந்த உருவத்தைக் கற்பனையால் நிரப்பக்கூடாது. வெற்றிடத்தைச் சுற்றியுள்ள நிறத்துக்கு ஒத்த மங்கலான ஒரு நிறத்தில் நிரப்பினால் கண் உறுத்தாது, பொய்யும் ஆகாது. மேலே வார்னிஷ் வேண்டாம். பளபளவென்று இரண்டு வருஷம் இருக்கும், பிறகு மஞ்சளித்து, ஈரத்தைப் பின்னால் அடைத்து, தோலோடு உரியும்.

இதற்கு ஆள் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. குருவாயூரில் தேவஸ்வம் நடத்தும் சுவரோவியப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. உப்பரிகை மாளிகையின் மேல்தளத்து ஓவியங்களை அவர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். 1956 நவம்பர் 1-ல் எல்லை மாறியது. சுவரும் கூரையும் மாறவில்லை. பழைய மராமத்துக் கணக்குகள் மலையாள எழுத்திலும் கொல்லம் ஆண்டிலும் இருப்பவை. மதிப்பீடு எழுதும் குழுவில் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

கருவறைக்குள் இருப்பதைப் பற்றி வெளியாட்கள் அதிகம் பேசுவது முறையில்லை, பூசை முறைக்குத் தலைவரான தந்திரியும் பூசகர்களான போற்றிமார்களும் அறிவார்கள். ஆனாலும் பொறியாளர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 22 அடி நீளத்தில், தெற்கே தலைவைத்து மேற்கு நோக்கிக் கிடக்கும் திருமேனி, 16,008 சாளக்கிராமங்களைச் சேர்த்துக் கடுசர்க்கரை யோகத்தால் அமைந்தது என்பது கோயில் மரபு. சர்க்கரை என்றால் இங்கே சீனி இல்லை. வடமொழியில் பரல், சரளை என்று பொருள். இந்த முறையின் இலக்கணம் உடம்பைப் பார்த்தே எழுதப்பட்டது: கருங்காலி மரச்சட்டம் எலும்பு, சுற்றிய தேங்காய் நார்க்கயிறு நரம்பு, பல இடத்து மண்ணும் மணலும் சிப்பித்தூளும் குங்கிலியமும் விளாம்பிசினும் மரப்பட்டைக் கஷாயங்களில் குழைந்தது தசை, மேலே சுற்றும் துணி தோல். ஒவ்வொரு படையும் தானாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கல்லோடும் உலோகத்தோடும் ஒப்பிடவே முடியாத பொருள் இது. தண்ணீர் ஆகாது; அதனால்தான் மூலவருக்கு நேரடி அபிஷேகம் இல்லை. இதே முறையில் அமைந்த திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு நிர்மால்யத்தை, அதாவது முந்தைய நாள் சாத்திய பூவை, மயிற்பீலியால் விலக்குகிறார்கள். கை பட்டாலே தேயும் என்ற அறிவு அந்தப் பீலியில் இருக்கிறது.

பொறியாளர் கவனிக்க வேண்டியது காற்றின் ஈரத்தை. மழையில் கூடுவதும் வெயிலில் குறைவதும் மெதுவாக நடந்தால் கடுசர்க்கரை தாங்கும். சட்டென்று நடந்தால் படைகள் வெவ்வேறு அளவில் சுருங்கி வெடிக்கும். ஆகவே கருவறையை ஒட்டிக் குளிர்சாதனமோ வேகமான காற்றுவாங்கியோ வைக்கும் யோசனை எப்போது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நனைந்த மாலைகளையும் அப்படியே தவிர்க்கச் சொல்லுங்கள். மூன்று வாசல் வழியாகத்தான் பெருமாளை முழுமையாகக் காண முடியும். அந்த மூன்று வாசலும் ஆளுக்கொரு அளவு காற்றை உள்ளே விட்டுத் திருமேனியைக் காத்தும் வந்திருக்கின்றன.

முன்னே இருக்கும் ஒற்றைக்கல் மண்டபம் 18 அடி அகலமும் 3 அடி கனமும் கொண்ட ஒரே பாறை. அதற்கு மராமத்து எதுவும் வேண்டாம். அதன் மேல் எதையும் துளையிடாமல் இருந்தால் போதும்.

கல்லில் செய்யும் தவறுகளில் மிகக் கொடியது மணல்வீச்சு. அழுத்தக்காற்றில் மணலை அடித்துத் தூணைப் புதுக்கல் போல ஆக்குவது. உளி கடைசியாகத் தேய்த்துவிட்ட வழுவழுப்பான தோல் போய், உள்ளிருக்கும் துளைகள் திறந்துகொள்ளும். அந்தத் துளையில் நீர் நிற்கும், இந்த ஊர் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் பாசி முன்னைவிட அடர்த்தியாகப் பிடிக்கும். கல்வெட்டு எழுத்தின் ஆழம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். அதில் பாதி போனால் வட்டெழுத்தில் ஒரு எழுத்துக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு போய்விடும். கல் கழுவ வெறும் தண்ணீரும் தேங்காய்நார்த் தூரிகையும் போதும். அமிலம் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குக்குக் களிமண்ணைக் குழைத்து அப்பி, காய்ந்து எண்ணெயை இழுத்த பிறகு உரித்தெடுக்கலாம். ஒரு தடவையில் போகாது, மூன்று நான்கு தடவை ஆகும்.

எந்தக் கல்லைத் தொடுவதற்கு முன்பும் கல்வெட்டுகளை மைப்படி எடுத்துவிடுங்கள். கல்லை உலர்ந்த தூரிகையால் தட்டி, நனைத்து, ஈரத்தாளைப் படியவைத்து, மயிர்க்கட்டையால் எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும் வரை அடித்து, பாதி காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றி உரிப்பது. ஒரு நல்ல கையால் ஒரு நாளில் சில கல்வெட்டுகளைத்தான் எடுக்க முடியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபிநாத ராவ் காலத்துத் திருவிதாங்கூர் தொல்லியல் துறை படித்து அச்சிட்டவற்றோடு இன்றைய படியை ஒப்பிட்டால் நூறு வருஷத்தில் எவ்வளவு தேய்ந்தது என்பதும் தெரிந்துவிடும்.

பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட தீபலட்சுமிகளை ஒரே அச்சு என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். கொண்டை, காதணி, புடவை மடிப்பு, விளக்கேந்திய கை எல்லாம் தூணுக்குத் தூண் மாறும். பலிபீட மண்டபத்து ரதி, மன்மதன், இலட்சுமணன், இந்திரஜித்தின் நுணுக்கத்துக்கு முன்னால் இவை எளியவை. ஆனால் கோயிலின் நடை இவற்றால் ஆனது. கைக்குழியில் நேராக எண்ணெய் விடுவதால் எண்ணெய் கல்லில் ஊறி, தூசி பிடித்துத் தார் போலக் கட்டுகிறது. அளவெடுத்துச் சிறிய பித்தளைக் கிண்ணங்கள் செய்து அக்குழிகளில் வைத்துவிட்டால் விளக்கும் எரியும், கல்லும் பிழைக்கும். தூணடியில் கற்பூரம் கொளுத்துவதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். சூடேறிய கருங்கல்லின் மேல்தோல் வட்டவட்டமாகத் தெறிக்கும்; ஒட்டவைக்க வழியில்லை.

மரம். உத்தரம், வளை, கழுக்கோல், பட்டியல் என்று இறங்கும் கூரையில் கெடுவது எப்போதும் சுவரில் உட்காரும் முனைதான். ஒழுகும் நீர் கழுக்கோல் என்ற சாய்மரம் வழியாக அங்கே வந்து தேங்கும், சிதல் (கரையான்) அங்கிருந்து ஏறும். வருஷாவருஷம் இடவப்பாதிக்கு முன் ஓடு மாற்றும்போது ஒவ்வொரு முனையையும் கூர்மையான கம்பியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மரம் தடுக்கும், கெட்ட மரம் வழிவிடும். முழு உத்தரத்தையும் கழற்ற வேண்டாம். கெட்ட முனையை மட்டும் வெட்டி, அதே சாதி மரத்தில், நன்கு விளைந்து உலர்ந்த தேக்கையோ அயினியையோ கொண்டு வந்து, சாய்வெட்டுப் பொருத்தில் மரஆணி அடித்துச் சேர்க்கலாம். பச்சை மரம் போட்டால் ஆறு மாதத்தில் முறுக்கிப் பக்கத்துப் பலகையையும் பிளக்கும். கண்ணுக்குத் தெரியாத கூரைமரங்களுக்கு அண்டி எண்ணெய் (முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்) போல நல்ல காப்பு இல்லை. நம் ஊரில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, பஞ்சமும் இல்லை. ஆனால் அது கருப்பாக்கும். செதுக்கிய மச்சுப் பலகைகளில் அதைத் தடவிவிட்டால் சிற்பம் இருட்டில் மறைந்துபோகும். அவற்றுக்கு மெல்லிய ஆளிவிதை எண்ணெய், துணியால், இரண்டு தடவை போதும். எனாமல் வண்ணம் வேண்டவே வேண்டாம்.

மரம் என்றால் தீ. 1970 நவம்பர் 30-ல் குருவாயூர்க் கோயிலில் விளக்குமாடம் (விளக்குகள் பதித்த மரச்சுற்று) எரிந்தது. 2021 ஜூன் 2-ல் நம் மண்டைக்காட்டுக் கோயிலில் கருவறைக் கூரை எரிந்தது. திருவட்டாறு கூரைக்கு மேல் ஓடும் மின்கம்பிகள் எல்லாம் உலோகக் குழாய்க்குள் போக வேண்டும், மரத்தில் ஆணி அடித்துக் கட்டக்கூடாது. கசிவு கண்டால் தானே அறுந்துவிடும் மின்துண்டிப்பான் ஒவ்வொரு மண்டபத்துக்கும் தனித்தனியே வேண்டும். திருவிழாக்கால வண்ணச்சர விளக்குகளுக்குத் தனி இணைப்பு, அதுவும் கூரையைத் தொடாத கம்பங்களில். இதற்குச் செலவு குறைவு. இதை மட்டுமாவது 2034 வரை காத்திருக்காமல் செய்யுங்கள்.

மேற்கு வாசலைப் பற்றி ஒரு வேண்டுகோள். புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாட்கள் அந்திக்கதிர் பெருமாள் மேல் விழும் என்று பார்க்கக் கூட்டம் வருகிறது. கட்டடம் மேற்குப் பார்த்து நிற்பதும், செப்டம்பர் 22, மார்ச் 20 ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் மேற்கில் அடைவதும் சேர்ந்து நடப்பது அது. கணக்கு எளிமையானது, ஆனால் ஒரு தகரப்பந்தல், ஒரு வரவேற்பு வளைவு, ஒரு பிளக்ஸ் பலகை போதும் அதைக் கெடுக்க. வாசலிலிருந்து மேற்கே அடிவானம் வரை அந்தக் கோட்டில் எதுவும் எழும்பாமல் உள்ளூராட்சியோடு பேசி ஒரு வரைபடம் போட்டுவையுங்கள்.

கடைசியாக நீர்வளத் துறைக்கு. ஐப்பசியிலும் பங்குனியிலும் திருவிழா முடிந்து ஆறாட்டு, அதாவது சுவாமியை ஆற்றில் நீராட்டும் ஊர்வலம், போவது மூவாற்றுமுகத்துக்கு. ஐப்பசி என்றால் ஆறு நிறைந்து வரும் காலம். பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் திறந்தால் நீர் எவ்வளவு விரைவில் ஏறும் என்பது 2021 நவம்பரில் குழித்துறைக்காரர்கள் கண்டது. ஆறாட்டு நேரத்துக்கு அணைத் திறப்பு நிலவரம் கோயிலுக்கு எழுத்தில் வர ஏற்பாடு வேண்டும். கரைக்குக் காங்கிரீட் சுவர் எழுப்பும்போது பின்னால் சேரும் நீர் வெளியேறத் துளை விடாததால்தான் அவை சாய்கின்றன. ஐந்தாறு அடிக்கு ஒரு துளை, துளைக்குப் பின்னால் பெரிய கல், சிறிய கல், மணல் என்ற வரிசையில் வடிப்படுகை இருந்தால் மண் போகாமல் நீர் மட்டும் போகும். அதைவிட, கல்லடுக்கிய சரிவும் மேலே மூங்கிலும் தாழையும் வெட்டிவேரும் இந்த ஆற்றுக்குப் பழகியவை. ஆற்று மணலை அள்ளினால் படுகை தாழும், படுகை தாழ்ந்தால் கரையின் கால் வெளியே தெரியும், பிறகு சரிவது மேடு. கோயில் நிற்கும் அதே மேடு.

2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகள் பிறப்பித்தது துறைக்குத் தெரியும். நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது: உப்புக்கோட்டை அளக்க ஒரு ஆளும் ஒரு நோட்டும். திக்குறிச்சி, திற்பரப்பு போன்ற ஆற்றங்கரைக் கோயில்களிலும் அதே நோட்டில் பக்கம் ஒதுக்கலாம். முதல் அளவை வரும் மேடக் கடைசியில், இடவப்பாதி இறங்குமுன் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருவட்டாறு வட்டாரத்தில் கல், மரம், சுண்ணாம்பு வேலை அறிந்தோர்